மூணு முகவரி, ஒரு குடும்பம்

வங்கியில் வேலை பார்ப்பவனுக்கு வருஷம் முடிவது மார்ச் 31-ம் தேதி. டிசம்பர் 31 வெறும் மூன்றாம் காலாண்டுக் கடைசி. டெபாசிட் எவ்வளவு, கடன் எவ்வளவு, வாராக்கடன் எவ்வளவு என்று மேலிடத்திலிருந்து போன் மேல் போன் வரும். தமிழ் வருஷமோ சித்திரையில் பிறக்கிறது. ஆக, எனக்கு ஒரு வருஷத்துக்கு மூணு வருஷக் கடைசி :-)

ஆனாலும் வீட்டுக் கணக்கைப் பார்க்க டிசம்பர்தான் தோது. நாக்பூரில் அப்போதுதான் நல்ல குளிர். சந்தை முழுக்க ஆரஞ்சு. மகாராஷ்டிர சட்டசபையின் குளிர்காலக் கூட்டத்தொடர் இங்கே நடப்பதால் ரோடெல்லாம் போலீஸ். சாயங்காலம் வெளியே கிளம்பவே மனசு வராது. போர்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்து யோசிக்கலாம்.

2025-ல் எங்கள் வீட்டில் நடந்தது ரெண்டே ரெண்டு விஷயம். ஜூனில் அப்பா எங்களோடு வந்தார். ஆகஸ்டில் பொண்ணு கோயம்புத்தூருக்குக் காலேஜ் படிக்கப் போனாள். அவள் ரூம் அப்பாவுக்கு ஆனது. வருஷ ஆரம்பத்திலும் வீட்டில் மூணு பேர், வருஷக் கடைசியிலும் மூணு பேர். தொகை டேலி ஆகிவிட்டது. ஆனால் உள்ளே இருக்கும் இனங்கள் வேறே.

பி.காம்.மில் முதல் மாசமே சொல்லிக் கொடுப்பார்கள், உள்ளே வருவதைப் பற்று எழுது, வெளியே போவதை வரவு எழுது என்று. அந்த வயசில் தலைகீழாகத் தோன்றும். இந்த வருஷம் யோசித்தால் சரியாகத்தான் இருக்கிறது. வந்தவர் மேல் ஒரு பற்று. போனவளால் வந்த வரவு என்னவென்றால், வாரத்துக்கு ஒரு தடவை தானாக போன் செய்து அரை மணி நேரம் பேசுகிறாள். வீட்டில் இருந்தவரை அரை நிமிஷம் பேசியதில்லை.

அப்பாவுக்கு 78 வயசு. ஓய்வு பெற்ற ஆசிரியர். ஊர் அம்பாசமுத்திரம். 2022-ல் அம்மா போனதிலிருந்து தனியாகத்தான் இருந்தார். தங்கச்சி தூத்துக்குடியில்தான் இருக்கிறாள், ஆனால் மக வீட்டில் போய் நிரந்தரமாக உட்கார அவருக்குச் சம்மதமில்லை. மே மாசம் நாலு நாள் காய்ச்சலில் கிடந்திருக்கிறார். எங்கள் யாருக்கும் சொல்லவில்லை. எதிர்வீட்டு அக்கா போன் செய்துதான் தெரிந்தது. போய்க் கூப்பிட்டதும் "ரெண்டு மாசம் இருந்துட்டு வந்துருவேன்" என்று ஒரே ஒரு பையோடு ரயில் ஏறினார்.

அந்த ரெண்டு மாசம் ஆறு மாசமாகிவிட்டது. காய்கறிக்காரரிடம் விரலைக் காட்டியே பேரம் பேசுவார். பத்து வரைக்கும் இந்தியில் எண்ணக் கற்றுக்கொண்டார். ஆனால் நானும் மனைவியும் காலையில் ஒன்பது மணிக்குக் கிளம்பினால் ராத்திரி எட்டு மணிக்குத்தான் வருகிறோம். நடுவில் பதினோரு மணி நேரம் அவரோடு பேச டிவியைத் தவிர ஆளில்லை.

தீபாவளிக்குப் பொண்ணு வந்தாள். அவள் அலமாரியில் தாத்தாவின் வேட்டியும் மருந்து டப்பாவும். அவள் பாட்டுக்கு ஹாலில் பாயை விரித்துப் படுத்துக்கொண்டாள். மறுநாள் காலையில் காப்பி குடிக்கும்போது அப்பா ஆரம்பித்தார்.

"நான் ஊருக்குப் போறேன்ல. பிள்ளைக்கு ரூம் வேண்டாமா?"

"தாத்தா, ஹாஸ்டல்ல ஒரே ரூம்ல மூணு பேரோட இருக்கேன். எனக்கு இந்த ஹாலே பங்களா" என்றாள் அவள்.

சிரித்தார். ஆனால் பேச்சு அதோடு முடியவில்லை. ரூம் ஒரு சாக்குதான் என்று எல்லாருக்கும் தெரியும்.

இந்த நிலைமையில்தான் 2025 நவம்பர் 4-ம் தேதி தமிழ்நாட்டில் வாக்காளர் பட்டியல் தீவிரத் திருத்தம் தொடங்கியது. வீடு வீடாகப் படிவம் கொடுக்க வந்தார்கள். எதிர்வீட்டு அக்காவிடமிருந்து மறுபடியும் போன். "மாமா, வீடு பூட்டிக் கெடக்கேன்னு கேக்காவ. நீங்க அங்கயே இருந்துட்டீங்களான்னு கேட்டா நான் என்ன சொல்லட்டும்?"

ஆன்லைனிலேயே நிரப்பி அனுப்பலாம், பத்து நிமிஷ வேலை என்று நான் சொன்னேன். அப்பா கேட்கவில்லை. "வீட்டுல ஆள் இருக்கான்னு பாக்கத்தானல வாராங்க. ஆன்லைன்ல ஆள் இருக்க முடியுமா?"

லீவு போட்டேன். திருக்குறள் எக்ஸ்பிரஸ். ஒரு பகலும் ஒரு ராத்திரியும் தாண்டி நீளும் பயணம். வழியில் செல்போனில் அந்தச் சட்டத்தைத் தேடிப் படித்துக்கொண்டு வந்தேன். 1950-ம் வருஷத்து மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், 20-வது பிரிவு. ஒரு ஊரில் சாதாரணமாகக் குடியிருப்பவர் யார் என்று சொல்கிறது. அதில் ரெண்டு விஷயம். ஒரு ஊரில் சொந்தமாக வீடு இருக்கிறது என்பதற்காக மட்டும் ஒருத்தர் அந்த ஊரில் குடியிருப்பவர் ஆகிவிட மாட்டார். அதேபோல, தற்காலிகமாக வெளியே போயிருக்கிறார் என்பதற்காக மட்டும் அந்த ஊர்க்காரர் இல்லை என்றும் ஆகிவிடாது.

முதல் விஷயம் என்னைப் பற்றியது. ரெண்டாவது அப்பாவைப் பற்றியது. எப்போது பார்த்தாலும் "எங்க ஊர், எங்க ஊர்" என்று சொல்லிக்கொண்டிருக்கும் நான் நாக்பூர்வாசி, என் ஓட்டும் இங்கேதான். ஆறு மாசமாக நாக்பூரில் இருக்கும் அப்பா அம்பைக்காரர். சட்டத்திலேயே எழுதி வைத்துவிட்டார்கள்.

படிவத்தில் இருபது வருஷத்துக்கும் முந்தைய பட்டியலின் விவரமும் கேட்டிருந்தார்கள். அந்தப் பழைய பட்டியலை எடுத்துப் பார்த்தோம். எங்கள் வீட்டு எண்ணுக்குக் கீழே நாலு பேர். அப்பா, அம்மா, நான், தங்கச்சி. அப்பா கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். இப்போது கையில் இருக்கும் படிவம் ஒன்றே ஒன்று. தங்கச்சி கல்யாணமாகிப் போனாள், நான் உத்தியோகத்துக்குப் போனேன், அம்மா போயே போய்விட்டாள். அந்த வீட்டுக்கு இனி மிச்சம் இருக்கும் ஒரே பேர் அவருடையது. அதைக் காப்பாற்றத்தான் இத்தனை தூரம் வந்திருக்கிறார். ஓட்டு ரெண்டாம்பட்சம்.

கையெழுத்து போட்டுக் கொடுத்துவிட்டு வந்ததும், "அப்படியே பேங்க்குக்கும் போயிட்டு வந்துருவோம்" என்றார். அவர் டெபாசிட்டுகளுக்கு இன்னமும் அம்மாதான் நாமினி. மாற்றலாம் என்று மூணு வருஷமாகச் சொல்லியும் "இருக்கட்டும்ல" என்று தள்ளிப் போட்டு வந்தவர், அன்றைக்கு அவராகவே கிளம்பினார். 2025 நவம்பர் 1 முதல் டெபாசிட் கணக்கில் நாலு பேர் வரைக்கும் நாமினி போடலாம் என்று விதி வந்திருக்கிறது. ஒவ்வொருத்தருக்கும் எத்தனை சதவீதம் என்றும் எழுதலாம், மொத்தம் நூறு வரவேண்டும். (நாமினி என்பவர் பணத்தை வாங்கிக்கொள்பவர்தான். உரிமை யாருக்கு என்பதை உயிலோ வாரிசுச் சட்டமோதான் சொல்லும். இதைத் தினமும் கவுன்டரில் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது.)

"நாலு பேர் போடலாமா? அப்ப பேத்தியையும் போடு."

எனக்கு 40, தங்கச்சிக்கு 40, பேத்திக்கு 20. அம்மா பேர் இருந்த இடத்தில் மூணு பேர். கையெழுத்து போடும்போது கை நடுங்கியதா என்று நான் பார்க்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

நாக்பூர் திரும்பிய பிறகு மனைவியே பேச்சை எடுத்தாள். "மாமாவுக்கு இங்க ஒரு குறையும் இல்லைங்க. ஆனா பேச ஆள் இல்ல. அங்க வாசல்ல உக்காந்தா போற வாறவங்க பத்துப் பேர் பேசுவாங்க. தனியா விட்டா உங்களுக்கு ராத்திரி தூக்கம் வராது, எனக்கும் வராது. அதுக்காக அவங்களைப் பூட்டி வைக்க முடியுமா?"

எனக்கும் அதுதான் பட்டது. எனக்கு மூணு நாலு வருஷத்துக்கு ஒரு தடவை டிரான்ஸ்பர். நிரப்பும் ஒவ்வொரு படிவத்திலும் தற்போதைய முகவரி மாறிக்கொண்டே இருக்கும். நிரந்தர முகவரி என்ற கட்டத்தில் மட்டும் எப்போதும் அம்பாசமுத்திரம். அந்தக் கட்டத்தில் நான் எழுதுவது செங்கல் சுவரை இல்லை, அங்கே உட்கார்ந்திருக்கும் மனுஷரை. அவர் எங்கே இருப்பது என்பதை அவர்தான் சொல்ல வேண்டும்.

டிசம்பர் 19-ம் தேதி வரைவுப் பட்டியல் வந்தது. தமிழ்நாடு முழுக்க சுமார் 97 லட்சம் பேர் பட்டியலில் இல்லை. அப்பா பேர் இருந்தது. அந்தப் பக்கத்தை பிரின்ட் எடுத்துத் தரச் சொல்லி மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

அன்றைக்கு ராத்திரியே ஒப்பந்தம் பேசினோம். பொங்கலுக்கு எல்லாரும் ஊருக்குப் போகிறோம். பொண்ணு கோயம்புத்தூரிலிருந்து நேரே அங்கே வந்துவிடுவாள். பொங்கல் முடிந்ததும் அப்பா அங்கேயே இருப்பார். ஜூனில் நாக்பூர் வருவார். "குளிருக்கும் அங்க, வெயிலுக்கும் அங்க, மழைக்கு மட்டும் இங்க" என்று அவரே கணக்குப் போட்டு வைத்திருந்தார். நாக்பூர் கோடையில் வெயில் 45 டிகிரியைத் தொடுவதால் எதிர்த்துப் பேச வழியில்லை.

எங்கள் நிபந்தனைகள்: குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி, எதிர்வீட்டு அக்காவிடம் ஒரு சாவி, ஞாயிற்றுக்கிழமை தங்கச்சி வந்து பார்ப்பாள், காய்ச்சல் என்றால் அன்றைக்கே சொல்ல வேண்டும். அவர் நிபந்தனை ஒன்றே ஒன்று. ஒரு நாளைக்கு ரெண்டு தடவைக்கு மேல் போன் பண்ணக் கூடாது.

பயம் இருக்கிறது, இல்லாமல் இல்லை. ராத்திரி பதினோரு மணிக்கு போன் அடித்தால் இனிமேல் நெஞ்சு திக்கென்றுதான் இருக்கும். இந்த ஏற்பாடு சரிவருமா என்பது அடுத்த டிசம்பரில் கணக்குப் பார்க்கும்போது தெரியும்.

வெளியூரில் உத்தியோகம் பார்க்கும் நம்மில் பாதிப் பேருக்கு மேல் இப்படித்தான் வருஷம் முடிந்திருக்கும். பிள்ளை ஒரு ஊரில், பெத்தவங்க ஒரு ஊரில், நாம் ஒரு ஊரில். இந்த வாரம் ஒரு நாள் அப்பா அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, எங்கே இருக்க ஆசை என்று கேட்டுப் பாருங்கள். அப்படியே பாஸ்புக்கை எடுத்து நாமினி யார் என்றும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள், இது வங்கிக்காரன் புத்தி.

எல்லாருக்கும் 2026 நல்லபடியாகப் பிறக்கட்டும். பொங்கலுக்கு ஊருக்குப் போகிறவர்களுக்கு டிக்கெட் கன்ஃபர்ம் ஆகட்டும்.