வெயிலை முந்தும் கலயம்

வேலூரிலிருந்து கண்ணமங்கலம் வழியாகப் போளூர் போகும் சாலையில் சந்தவாசல் வருகிறது. சம்புவராயர்களின் தலைநகராயிருந்த படவேட்டுக்கு இங்கேதான் மேற்கே திரும்ப வேண்டும். ரேணுகாம்பாளைக் கும்பிட வருகிறவர்களும் வாழைத்தார் ஏற்றப் போகும் வண்டிகளும் கடைத்தெருவை நாள் முழுக்க நிறைத்திருக்கிறார்கள். ஊரைத் தாண்டினால் ஏரிக்கரை, கரையோரம் பனை, பனைக்கு அப்பால் ஜவ்வாது மலை. மலை மேற்கில் இருப்பதால் சாயங்காலம் இங்கே சீக்கிரமே நிழல் தட்டிவிடும். காலை வெயிலுக்குத்தான் தடுப்பில்லை. பதநீர் இறக்குகிறவர்களின் நாளை வகுத்துக் கொடுப்பது அந்த வெயில்.

பங்குனியில் நான் அங்கே போனதற்குக் காரணம் ஒரு பியர். அமெரிக்காவில் போர்பன் விஸ்கி ஊறிய ஓக் பீப்பாயில் பல மாதம் முதிரவைத்த கடும் ஏல் வகை அது. பெங்களூரில் நண்பர் வீட்டில் சிறு கண்ணாடிக் குவளையில் ஊற்றிக் கொடுத்தார்கள். கருத்து, பாகாக, வெனிலாவும் கருகிய மரமும் மணக்க இருந்தது. தானியத்தின் சுவையை விடப் பீப்பாயின் சுவையே அதில் ஓங்கி நின்றது. ஒரு பானத்தைப் பாத்திரம் இந்த அளவுக்கு மாற்றுமானால், நம் ஊரில் கலயம் என்ன செய்கிறது என்று பார்க்க ஆசை எழுந்தது. பனையேறிகளை அறிந்த ஒருவர் சந்தவாசலுக்கு வழி சொன்னார்.

நான் சந்தித்த பெரியவருக்கு அறுபதைத் தாண்டிய வயது. "விடியறதுக்குள்ள வந்துடுங்க சார். வெயில் ஏறிட்டா பார்க்கறதுக்கு ஒண்ணும் இருக்காது" என்று முதல் நாளே சொல்லியிருந்தார். நான் போய்ச் சேர்ந்தபோது இரண்டு மரம் முடித்து மூன்றாவதன் அடியில் நின்றுகொண்டிருந்தார். இடுப்பில் அரிவாள் பெட்டி, கால்களைப் பிணைக்கும் நார்த் தளை, தோளில் வெறும் கலயங்கள். மரத்தைக் கைகளால் அணைத்து, தளையைத் தண்டில் ஊன்றி, உடம்பை மேலே தூக்கினார். ஊன்றுவதும் தூக்குவதும் மாறி மாறி ஒரே சீராக வந்தன. கருக்கு மட்டைகளுக்கு நடுவே அவர் நுழைந்ததும் கீழிருந்து பார்க்க உள்ளங்கால்கள் மட்டுமே தெரிந்தன.

மேலே நடப்பதைக் கீழே இறங்கிய பிறகு எனக்கு விளக்கினார். மரம் பாளை விட்டதும் சாறு தானாக வந்துவிடாது. ஆண் பனையில் கதிர்களைச் சேர்த்துக் கட்டி, இடுக்கியால் நாள்தோறும் மெல்ல நசுக்கிப் பக்குவப்படுத்த வேண்டும். பெண் பனையில் குரும்பை முற்றுவதற்குள் அதே வேலையைச் செய்ய வேண்டும். பல நாள் இப்படிப் பழக்கிய பிறகுதான் நுனியைச் சீவினால் சொட்டு விழும். அதன்பின் காலையும் மாலையும் சீவியே ஆக வேண்டும். ஒரு வேளை தவறினாலும் வெட்டுவாய் காய்ந்து அடைத்துக்கொள்ளும். சீவுகிற தடிமன் எவ்வளவு என்று கேட்டேன். அரிவாளில் ஒட்டியிருந்த ஒரு சீவலை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். அதன் வழியே என் ரேகை தெரிந்தது. "இதுக்கு மேல சீவினா பாளை சீக்கிரம் தீர்ந்துடும். இதுக்குக் கீழ சீவினா வடியாது" என்றார். அந்த அரிவாளைத் தீட்டுவதற்கென்றே பலகையும் வெள்ளைக்கல் பொடியும் வீட்டில் வைத்திருக்கிறார். ஒவ்வொரு மாலையும் ஏறுவதற்கு முன் தீட்டுகிறார்.

பாளையிலிருந்து சொட்டும் சாற்றில் நூற்றுக்குப் பன்னிரண்டு பங்கோ அதற்குச் சற்று மேலோ சர்க்கரை இருக்கும். பெரும்பகுதி நாம் கரும்பில் எடுக்கும் அதே சுக்ரோஸ்தான். இவ்வளவு சர்க்கரை, வெதுவெதுப்பான காற்று, திறந்த வாய்க் கலயம் மூன்றும் சேர்ந்தால் ஈஸ்டுக்கு வேறு அழைப்பு தேவையில்லை. பாளையிலும் காற்றிலும் பூச்சிகளின் காலிலும் அது இருக்கிறது. சில மணி நேரத்தில் நுரை கட்டும், சாயங்காலத்துக்குள் கள்ளாகும், மறுநாள் காடியை நோக்கி நகரும். குளிர்நாட்டில் வாரக்கணக்கில் நடக்கும் நொதிப்பு நம் வெயிலில் ஒரே பகலில் முடிந்துவிடுகிறது. ஆகவே பனையேறியின் கைத்திறன் அத்தனையும் மணிக்கணக்கைச் சார்ந்தது.

அந்த ஓட்டத்தை நிறுத்தும் பொருள் சுண்ணாம்பு. பெரியவரின் மனைவி கூரைச் சார்ப்பில் உட்கார்ந்து கலயங்களுக்குச் சுண்ணாம்பு பூசுவதை நெடுநேரம் பார்த்தேன். முதலில் பழைய பூச்சைச் சுரண்டிவிட்டுக் கொதிநீரில் அலசி வெயிலில் கவிழ்க்கிறார். பிறகு நீர்த்த சுண்ணாம்பைத் தயிர்ப் பதத்துக்குக் கரைத்து, விரல்களால் கலயத்தின் உள்ளே ஒரு சுற்றுச் சுற்றுகிறார். அடியில் கொஞ்சம் தாராளமாக, பக்கங்களில் மெல்லிசாக. சுண்ணாம்பு காரத்தன்மை உடையது. சாறு புளிக்கவொட்டாமல் அது தடுக்க, ஈஸ்டும் பாக்டீரியாவும் அடங்கிக் கிடக்கின்றன. அளவு கூடினால் தொண்டை அறுக்கும், வெல்லம் கறுத்துப் போகும். குறைந்தால் பதநீர் கள்ளாகிவிடும். அளக்கக் கரண்டி எதுவும் அங்கே இல்லை. "காத்து எப்படி அடிக்குதுன்னு பார்ப்பேன். மப்பா இருந்தா ஒரு விரல் கூடப் போடுவேன்" என்றார் அந்த அம்மா.

அன்றைக்கு இறங்கிய கலயங்களில் ஒன்றைப் பெரியவர் தனியே ஒதுக்கி வைத்தார். காதருகே கொண்டுபோய்க் கேட்டார், பிறகு என்னிடம் நீட்டினார். உள்ளே மெல்லிய பொரிகிற ஓசை. விளிம்போரம் பொடி நுரை. மணத்தில் இனிப்போடு ஒரு புளிப்பு. சுண்ணாம்பு ஒரு பக்கம் சரியாகப் பிடிக்கவில்லை என்று கலயத்தைத் திருப்பிக் காட்டினார். உள்சுவரில் உள்ளங்கை அகலத்துக்கு மண் நிறம் தெரிந்தது. அந்தச் சாற்றை அப்படியே மரத்தடியில் கவிழ்த்தார். மற்ற கலயங்களோடு அதைச் சேர்த்தால் எல்லாமே திரும்பிவிடும் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணத்தையும் சொன்னார்: "இது கையில இருந்தா கள்ளுன்னு கேஸ் ஆயிடும் சார்."

கலயத்துக்கும் பீப்பாய்க்கும் உள்ள உறவு எனக்கு அப்போதுதான் விளங்கியது. சுட்ட மண்ணும் மரமும் நுண்துளைகள் கொண்டவை. முன்பு ஊற்றியதை இரண்டுமே தமக்குள் வைத்துக்கொள்கின்றன. கள் இறக்கிய காலத்தில் கலயத்தைக் காய்ச்சிக் கழுவமாட்டார்கள், துளைகளில் தங்கிய ஈஸ்ட்டே புதுச் சாற்றுக்கு உறை என்று பெரியவர் நினைவுகூர்ந்தார். அமெரிக்கச் சட்டப்படி போர்பனை உட்புறம் கருக்கிய புது ஓக் பீப்பாயில்தான் முதிரவைக்க வேண்டும். ஏறத்தாழ 200 லிட்டர் கொள்ளும் அந்தப் பீப்பாய் ஒருமுறை பயன்பட்டதும் அங்கே வேலையற்றுப் போகிறது. அதை ஸ்காட்லாந்தின் விஸ்கிக்காரர்களும் பெங்களூர் அம்ருத் ஆலையும் வாங்குகிறார்கள். 1990களில் சிகாகோவின் கூஸ் ஐலண்ட் ஆலை அதில் கடும் ஸ்டவுட்டை ஊற்றி முதிரவைத்த பிறகு, பியர்க்காரர்களும் அந்தப் பீப்பாயைத் தேடத் தொடங்கினார்கள். மரத்தைக் கருக்கும்போது அதன் லிக்னின் சிதைந்து வெனிலின் பிறக்கிறது. ஓக்கிலுள்ள லாக்டோன்கள் தேங்காய் மணத்தைத் தருகின்றன. மரம் குடித்த விஸ்கியும் மெல்லப் பியருக்குள் திரும்பி வருகிறது. நான் பெங்களூரில் சுவைத்தது இவற்றின் கூட்டைத்தான்.

அந்த முறை குளிருக்கு ஏற்றது. ஸ்காட்லாந்தில் ஆண்டுக்கு நூற்றுக்கு இரண்டு பங்கு அளவில் பீப்பாயிலிருந்து ஆவியாகிப் போகும் விஸ்கி, பெங்களூரில் பத்துப் பங்குக்கு மேல் போகிறது. ஜவ்வாது அடிவாரத்தின் சித்திரை வெயிலில் கணக்கு இன்னும் மோசமாகும். இங்கே நம் முன்னோர் கண்ட வழி வேறு. மெதுவாக முதிரவிட வாய்ப்பில்லாத இடத்தில், சாற்றை அதன் முதல் நிலையிலேயே நிறுத்தினார்கள். நிறுத்தியதைக் காய்ச்சி, ஆண்டு முழுக்கக் கெடாத வெல்லமாக்கினார்கள். மண், சுண்ணாம்பு, நெருப்பு மூன்றை மட்டும் வைத்து எட்டிய தீர்வு இது. ஓக் பீப்பாயை உலகம் கொண்டாடுவதைப் போலக் கொண்டாடத்தக்க தொழில்நுட்பம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

தெளிந்த பதநீரை அந்த அம்மா பனையோலைப் பட்டையில் ஊற்றித் தந்தார். நாக்கின் நுனியில் முதலில் சுண்ணாம்பின் மெல்லிய உறைப்பு. உடனே இனிப்பு வந்து அதை மூடிவிடுகிறது. கரும்புச் சாற்றின் பச்சை வாடை இதில் இல்லை. விழுங்கிய பிறகு பச்சை ஓலையின் மணமும், இளநுங்கை நினைவூட்டும் ஒரு குளுமையும் தொண்டையில் தங்கின. ஆண் மரத்துச் சாற்றையும் பெண் மரத்துச் சாற்றையும் தனித்தனியே தரச் சொல்லிக் குடித்துப் பார்த்தேன். பெண் மரத்துடையது கொஞ்சம் கெட்டியாக, இனிப்பு நின்று இறங்குவதாக எனக்குப் பட்டது. "ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு ருசி. கண்ணை மூடிக்கிட்டுக் குடிச்சாலும் எந்த மரம்னு சொல்லிடுவார்" என்று கணவரைக் காட்டினார் அம்மா. அவர் மறுக்கவில்லை.

வெயில் ஏறுவதற்குள் விற்றது போக மிச்சம் அடுப்புக்குப் போகிறது. காய்ச்சுவது முழுக்கப் பெண்களின் வேலை. காய்ந்த மட்டையும் ஓலையும் எரிய, அகன்ற கடாயில் சாறு கொதிக்கிறது. பொங்கி வரும்போது அந்த அம்மா ஆமணக்கு விதையை நசுக்கி ஒரு சிட்டிகை போட்டார். நுரை அடங்கிவிட்டது. பாகு கெட்டிப்பட்டதும் ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு விரலால் உருட்டிப் பார்த்தார். உருண்டால் பதம். பிறகு இறக்கி, துடுப்பால் கிண்டிக் கொட்டாங்குச்சிகளில் ஊற்றினார். சாறு சற்றே புளித்திருந்தாலும் சுக்ரோஸ் உடைந்து, எவ்வளவு காய்ச்சினாலும் வெல்லம் கட்டி பிடிக்காது. காலையில் ஒரு கலயத்தைப் பெரியவர் கவிழ்த்ததன் பலன் மதியம் அடுப்படியில் தெரிகிறது. எட்டிலிருந்து பத்து லிட்டர் பதநீர் காய்ந்து ஒரு கிலோ வெல்லமாகிறது. அதற்குப் புகையில் நான்கைந்து மணி நேரம் நிற்க வேண்டும். கடையில் சர்க்கரை கலந்த வெல்லம் பாதி விலைக்குக் கிடைக்கும்போது, இந்த நேர்மையான கட்டிக்கு விலை கேட்கிறவர்கள் முகம் சுளிக்கிறார்கள்.

கேஸ் என்று பெரியவர் சொன்ன அச்சத்துக்கு ஒரு வரலாறு உண்டு. ராஜாஜி 1937இல் சேலம் மாவட்டத்தில் தொடங்கிய மதுவிலக்கு பின்னர் சென்னை மாகாணம் முழுவதும் பரவியது. 1971இல் தளர்ந்தது, மீண்டும் வந்தது, 1981இல் மறுபடி தளர்ந்தது. 1987 ஜனவரி 1 முதல் கள்ளும் சாராயமும் தமிழ்நாட்டில் தடைப்பட்டன. 1983இல் தொடங்கிய டாஸ்மாக் 2003இல் சில்லறை விற்பனையையும் தன் கையில் எடுத்துக்கொண்டது. புட்டியில் அடைத்த மதுவை அரசே விற்கும் மாநிலத்தில், மரத்திலிருந்து இறங்கும் சாறு சில மணி நேரம் தாமதித்தால் குற்றமாகிறது. கள்ளைத் திறந்துவிட வேண்டும் என்போரும், குடியால் சிதைந்த குடும்பங்களைக் காட்டி வேண்டாம் என்போரும் இருக்கிறார்கள். கலப்படத்தைப் பற்றிய அச்சமும் நியாயமானதே. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் 60 பேருக்கு மேல் உயிரைக் குடித்ததை யாரும் மறக்கக் கூடாது. ஆனால் அந்த நஞ்சுக்கும் பனையேறியின் கலயத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. சட்டம் அனுமதிக்கும் பதநீரை இறக்குகிறவரைச் சந்தேகத்தோடு பார்ப்பதை நிறுத்த, கள் பற்றிய விவாதம் முடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

பெரியவரின் மகன் ஊரை விட்டுக் கம்பெனி வேலைக்குப் போய்விட்டார். "அவனை ஏறச் சொல்ல எனக்கு மனசு வரல சார். விழுந்தா யார் பார்ப்பாங்க?" பனையை மாநில மரமாக்கியிருக்கிறோம். பனைமரத் தொழிலாளர்களுக்கு நல வாரியமும் இருக்கிறது. ஆனால் நடுவயதைத் தாண்டியவர்களே இன்னும் மரத்தில் இருக்கிறார்கள். ஒரு மரம் பாளை விடும் பருவத்துக்கு வளர இருபது ஆண்டுக்குப் பக்கம் ஆகும். ஏறுகிறவர் இல்லையென்றால் அந்த மரம் வெட்டு விலைக்குப் போய்ச் செங்கல் சூளையில் எரிகிறது.

இதில் செய்ய முடிந்தவை சிறியவை, ஆனால் தெளிவானவை. விழுந்தவர் குடும்பத்துக்குத் தாமதமில்லாமல் சேரும் காப்பீடு. காலையில் இறக்கிய பதநீரை வெயில் ஏறுமுன் குளிரூட்டிச் சேர்க்கும் ஒரு சிறு நிலையம், படவேட்டுச் சாலையின் ஓரத்திலேயே. கலப்படமில்லாத வெல்லத்துக்குச் சான்றும் நியாயமான விலையும். பாதுகாப்பாக ஏற உதவும் கருவிகளும், அவற்றை வாங்கித் தரக் கூட்டுறவும். வாசகர்கள் செய்யக்கூடியது இன்னும் எளிது: திருவண்ணாமலைக்கோ படவேட்டுக்கோ கோடையில் போகிறவர்கள் காலை ஒன்பது மணிக்குள் வண்டியை நிறுத்திப் பதநீர் கேளுங்கள். வெல்லத்தைப் பேரம் பேசாமல் வாங்குங்கள். பீப்பாயில் ஊறிய பியருக்குக் காத்திருந்த மாதங்களையும் சேர்த்து விலை கொடுக்கிறார்கள். கலயத்தில் இறங்கிய சாற்றுக்கு, வெயிலை முந்திய உழைப்பையும் சேர்த்து நாம் விலை கொடுக்க வேண்டும்.