எந்தத் தெரு?

சென்ற ஆண்டு என் மகளுக்குச் சம்பந்தம் பேச ஈப்போவில் எங்கள் இல்லத்திற்கு வந்த பெரியவர் ஒருவர், காப்பியைக் கையில் வாங்குமுன், "உங்கள் பூர்வீகம் எந்த ஊர்?" என்று வினவினார். "திருச்சிராப்பள்ளிச் சீமை, முசிரி" என்றேன். அவர் விடவில்லை. "முசிரியில் எந்தத் தெரு?" என்றார். எனக்குத் தெரியவில்லை. காப்பி ஆறியது, பேச்சும் ஆறியது.

என் பாட்டனார் 1927-இல் பரிசலில் காவிரியைக் கடந்து, குளித்தலையில் ரெயிலேறி, நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கு வந்தவர். பேராக்கில் பால் வெட்டியே வாழ்ந்து மறைந்தார். மாலை வேளைகளில் லயத்து வாசலில் அமர்ந்து, ஊரின் கோரை வயலையும் வாழைத் தோட்டத்தையும் ஆற்று மணலையும் வருணிப்பார். தெருவைப் பற்றி மாத்திரம் ஒரு நாளும் வாய் திறந்தாரில்லை.

அதனை அறியவே இவ்வாண்டு சித்திரையில் முசிரிக்குப் போனேன். குளித்தலையிலிருந்து ஆற்றைக் கடக்க இன்று நீண்ட பாலம் இருக்கிறது. கீழே நீரினும் மணலே மிகுதி. கோரையும் வாழையும் பாட்டனார் சொன்னபடியே நின்றன. தேநீர்க் கடையில் ஒரு முதியவரிடம் பாட்டனாரின் பெயரைச் சொன்னேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்து, "எந்தத் தெரு?" என்றார்.

தோழர்களே! பாட்டனாரின் மௌனம் அப்போதுதான் எனக்கு விளங்கிற்று. வறுமை ஒன்றுக்காக மட்டும் அவர் கடல் கடக்கவில்லை. ஆனால் அவர் விட்டோடிய கேள்வியும் அதே கப்பலில் ஏறி வந்துவிட்டது. கங்காணி தன் ஊராரையும் உறவினரையும் திரட்டி வந்தான். ஊரிலிருந்த பிரிவினையே லயத்திலும் குடியேறிற்று. 1938-இல் இந்திய அரசாங்கம் அவ்வாறு ஆளனுப்புவதைத் தடுத்தது. ஆட்கள் வருவது நின்றது, கேள்வி நிற்கவில்லை. நாங்கள் வாழ்ந்த தோட்டம் இன்று செம்பனைக் காடு. லயங்கள் இருந்த இடமே தெரியவில்லை. கேள்வி மட்டும் ஈப்போவில் எங்கள் கூடத்தில் நாற்காலி போட்டு அமர்ந்திருக்கிறது.

நிற்க. பெரியவரை மட்டும் பழிப்பது நேர்மையன்று. மூத்த மகனுக்குப் பெண் பார்க்கப் போன வீட்டில் இதே கேள்வியைக் கேட்டவன் நான். அந்தப் பெண்ணின் தந்தை தலைகுனிந்தது இன்றும் என் கண்முன் நிற்கிறது.

கடை முதியவருக்கு நான் விடை கூறவில்லை. தேநீருக்குக் காசு கொடுத்துவிட்டுப் பாலத்தில் நடந்தே திரும்பினேன். வீடு வந்ததும், "தெரு தெரிந்ததா, அப்பா?" என்றாள் மகள். "தெரிய வேண்டாம், அம்மா" என்றேன். இனி நானும் எவரையும் கேளேன்.