ராட்மெல்லில் ஒரு சனிக்கிழமை

இங்கிலாந்துக்குப் படிக்க வந்தபிறகு நான் பார்த்த ஊர்களிலேயே அமைதியானது எது என்று கேட்டால், ராட்மெல் என்பேன். என் செருப்புச் சத்தமே எனக்குத் தொந்தரவாக இருந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்!

பிரைட்டனிலிருந்து லூயிஸ் போய், ரயில் மாறி, சவுத்தீஸ் என்ற குட்டி நிலையத்தில் இறங்கினேன். ஊஸ் ஆற்றுப் பாலத்தைக் கடந்து நடக்க வேண்டும். எழுத்தாளர் வர்ஜீனியா வுல்ஃப் 1941 மார்ச்சில் உயிரை விட்டது இந்த ஆற்றில்தான். உண்மையைச் சொன்னால், அந்தச் சோகத்தின் இடத்தைப் பார்க்கத்தான் நானும் கிளம்பினேன்.

அவரும் கணவர் லியனார்டும் 1919-ல் 700 பவுண்டுக்கு ஏலத்தில் வாங்கிய வீடு மங்க்ஸ் ஹவுஸ். பெரிய பங்களா என்று நினைத்துப் போனால் ஏமாந்துபோவீர்கள். தாழ்வான கூரை, பச்சைச் சுவர். வாங்கியபோது குழாய்த் தண்ணீர்கூட இல்லையாம். 1929-ல் கட்டிச் சேர்த்த வர்ஜீனியாவின் படுக்கையறைக்கு வீட்டுக்குள்ளிருந்து வழியே கிடையாது. மழை பெய்தாலும் தோட்டத்தில் இறங்கித்தான் போகவேண்டும். பெண்ணுக்கு எழுதச் சொந்தமாக ஓர் அறை வேண்டும் என்று அவர் புத்தகம் எழுதி வெளியிட்டதும் அதே ஆண்டுதான். அங்குள்ள கணப்பின் ஓடுகளில் அக்கா வனெஸ்ஸா பெல் படம் வரைந்து கொடுத்திருக்கிறார். தோட்டத்தில் எழுதுவதற்கென்று தனியாக ஒரு மரக்குடில்.

ஆனால் என்னைப் பிடித்து நிறுத்தியவர் லியனார்ட். இலங்கையில் ஆங்கிலேய அரசின் அதிகாரியாக இருந்தவர். முதலில் வேலை பார்த்தது யாழ்ப்பாணத்தில். மனைவி போனபின் அந்த வீட்டை விட்டு அவர் ஓடவில்லை. அவரது அஸ்தியைத் தோட்டத்து எல்ம் மரத்தடியில் புதைத்துவிட்டு, 1969-ல் தான் இறக்கும்வரை, 28 ஆண்டுகள் அங்கேயே இருந்தார். செடி வளர்த்தார். மனைவியின் நாட்குறிப்புகளிலிருந்து தொகுத்து 1953-ல் புத்தகம் போட்டார். 1939-ல் ஒருநாள் ஹிட்லர் ரேடியோவில் பேசுகிறான், வந்து கேளுங்கள் என்று வர்ஜீனியா கூப்பிட்டபோது, ஆப்பிள் மரத்தடியில் ஐரிஸ் கிழங்கு நட்டுக்கொண்டிருந்த மனிதர் வர மறுத்துவிட்டாராம். அவன் செத்த பிறகும் இது பூக்கும் என்றாராம். ஹிட்லர் செத்து 21 ஆண்டுகள் கழிந்தும் அதில் சில பூத்துக்கொண்டிருந்ததாக அவரே எழுதியிருக்கிறார்.

அந்தத் தோட்டத்துப் பெஞ்சில் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன்.

அப்பா இறந்து இரண்டு வருடம் ஆகிறது. கும்பகோணத்து வீட்டை விற்றுவிட்டு அண்ணனோடு போய் இரு என்று ஒவ்வொரு ஞாயிறும் போனில் அம்மாவை நச்சரிப்பது என் வழக்கம். தனியாக அந்த வீட்டில் என்னதான் இருக்கிறது என்று எரிச்சலாகக் கேட்டிருக்கிறேன். கேட்டேனே தவிர, அவள் பதில் சொல்ல இடம் கொடுத்ததில்லை.

மறுநாள் போன் செய்தபோது, கொல்லையில் அப்பா வைத்த நந்தியாவட்டை பூக்கிறதா என்று கேட்டேன். அம்மா அரைமணி நேரம் செடிகளைப் பற்றியே பேசினாள். கடைசியில்தான் கேட்டாள்:

"ஏன்டா, இன்னிக்கு வீட்டை விக்கச் சொல்லலையா?"