அத்தை கேட்ட கேள்வி

"நீ புகழ்கிற சீமையிலே, தாலியறுத்தவள் என்ன உடுத்துவாள்?" வெள்ளைச் சேலையிலேயே காலம் கழித்த என் அத்தை கேட்டார். புகைவண்டி தந்த நாடு, டார்வின் பிறந்த நாடு, பகுத்தறிவின் கொலுமண்டபம் என்றெல்லாம் முழங்கித் திரிந்த எனக்கு விடை தெரியவில்லை. ஏடுகளைப் புரட்டினேன்.

கறுப்பு! விக்டோரியா காலத்துக் கைம்பெண் ஈராண்டுக்கு மேல் கறுப்பணிவது வழக்கம். பளபளக்கும் பட்டும் ஆகாது. மங்கிய கிரேப் துணிதான். மனைவியை இழந்தவனுக்கோ சில திங்கள், தொப்பியிலே ஒரு கறுப்புப் பட்டை, தீர்ந்தது துயரம்! அரசியே விலக்கல்லர். 1861-இல் கணவர் ஆல்பர்ட் மறைந்தார். 1901-இல் தாம் மறையும்வரை விக்டோரியா கறுப்பைக் களையவில்லை.

சாவு வீட்டிலே கடிகாரத்தை நிறுத்தினர், நிலைக்கண்ணாடியை மூடினர். நாட்டுப்புறத்திலே, வீட்டுத் தலைவன் இறந்தால் தேன்கூட்டைத் தட்டித் தேனீக்களுக்குச் செய்தி சொல்வார்களாம்! சொல்லாவிடில், அவை கூட்டைத் துறந்து பறந்துவிடுமாம்! டார்வினின் 'உயிரினங்களின் தோற்றம்' 1859-இலேயே வெளிவந்துவிட்டது, தோழர்களே!

அத்தையிடம் அனைத்தையும் கூறினேன். தேனீக் கதை கேட்டு வாய்விட்டுச் சிரித்தார்.

"ஈராண்டு போனால் களைந்துவிடலாமா?"

"களையலாம், அத்தை. மறுமணமும் செய்யலாம்."

சிரிப்பு நின்றது. முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, அடுக்களைக்குள் சென்றார்.