தாயைப் பார்த்துக் காளை வாங்கினோம்

கோயம்புத்தூரில் குடித்தனம் நடத்தும் எனக்கு மாடு என்றால் காலையில் வாங்கும் பால் பாக்கெட்தான் என்று என் பெண் கேலி செய்வாள். ஆனால் நான் பிறந்தது தாராபுரம் பக்கத்தில் ஒரு சின்னக் கிராமம். கன்றுக்குட்டிகளோடு ஓடி விளையாடி வளர்ந்தவள். போன சித்திரையில் அண்ணனிடமிருந்து போன் வந்தது.

"அம்மிணி, கண்ணபுரம் சந்தைக்குப் போறோம். ஒரு பூச்சிக்காளை பிடிக்கோணும். உன்ற நங்கையும் வருது. நீயும் வந்து ரெண்டு நாள் இருந்துட்டுப் போ."

எங்கள் பக்கத்துப் பேச்சு தெரியாத சகோதரிகளுக்காகச் சொல்கிறேன். நங்கை என்றால் அண்ணன் மனைவி. பூச்சிக்காளை என்றால் பசுக்கள் சினைப்பிடிப்பதற்காக வளர்க்கும் காளை. மற்ற ஊர்களில் பொலிகாளை என்பார்கள்.

காங்கயம் தாண்டி வெள்ளகோவில் பக்கம் போகிறவர்களுக்கு அந்த மண் வறண்டதாகத்தான் தெரியும். ஆனால் சாலையோரம் கிளுவை வேலி போட்ட மேய்ச்சல் நிலங்களைக் கவனித்துப் பாருங்கள். கொறங்காடு என்று பெயர். உள்ளே கொழுக்கட்டைப் புல்லும், நடுநடுவே நிழலுக்கு வெள்வேல மரங்களும் இருக்கும். வெள்வேல் நெற்று உதிர்ந்தால் அதுவும் தீவனம். கிணற்றுப் பாசனம் இல்லாமல், பெய்கிற கொஞ்ச மழையிலேயே வளரும் இந்தப் புல்லை மேய்ந்துதான் காங்கயம் மாடு பேர் வாங்கியது.

ஓலப்பாளையத்தை அடுத்த கண்ணபுரத்தில் மாரியம்மன் கோயில் தேர்த் திருவிழாவை ஒட்டிச் சித்திரையில் மாட்டுச் சந்தை கூடும். வெயில் மண்டையைப் பிளக்கிறது. ஆனாலும் எங்கு பார்த்தாலும் மாடுகள்! பசுக்கள் பெரும்பாலும் வெள்ளை, காளைகள் மயிலை. இந்த இனத்தில் ஒரு வேடிக்கை உண்டு. கன்று பிறக்கும்போது செவலையாக இருக்கும். ஆறு மாதத்தில் நிறம் மாறிச் சாம்பல் பூத்துவிடும். காளைக்கு வயது ஏற ஏறத் திமிலும் கழுத்தும் தொடையும் கருத்துக்கொண்டே வரும். காயடித்து விட்டால் அந்தக் கருமை வெளுத்துவிடும்.

அண்ணனுக்குக் காளை வாங்க வேண்டிய அவசரம் என்ன என்று கேட்கிறீர்களா? 2019-இல் ஒரு தரகர் மூலம் ஒரு காளை வாங்கினார். கொம்பும் திமிலும் பார்த்தால் சித்திரத்தில் எழுதியது போல இருக்கும். ஊரே வந்து பார்த்துவிட்டுப் போனது. அதன் கிடாரிக் கன்றுகள் வளர்ந்து, நாலு வயதில் ஒவ்வொன்றாக ஈன்றபோதுதான் விஷயம் தெரிந்தது. மூன்று கிடாரிகள், மூன்றும் வேறு வேறு தாய் வயிற்றுப் பிள்ளைகள். ஆனால் மூன்றுக்கும் மடி சிறுத்துக் கிடந்தது. ஒன்றுக்கு ஒரு காம்பே அடைப்பு. தன் கன்றுக்கே பால் போதவில்லை. கன்று முட்டி முட்டிப் பார்த்துவிட்டுத் துவண்டு படுத்துக்கொள்ளும். நங்கை இராத்திரியில் எழுந்து வேறு மாட்டுப் பாலைக் கறந்து, பாட்டிலில் ஊற்றிக் கொடுத்து அதைப் பிழைக்க வைத்தது. கைக்குழந்தைக்குப் பால் போதாமல் தவித்த தாய்மாருக்கு அந்த வேதனை தெரியும்.

ஒரு பசு சரியில்லை என்றால் வருஷத்துக்கு ஒரு கன்றோடு போயிற்று. காளை சரியில்லை என்றாலோ, அது சேரும் அத்தனை பசுக்களின் கன்றுகளிலும் குறை வந்துவிடும். அக்கம்பக்கத்தாரும் அந்தக் காளையிடம்தான் பசுக்களை ஓட்டி வந்தார்கள். அவர்கள் முகத்தில் விழிக்கவே அண்ணனுக்குச் சங்கடம். போதாததற்கு, அதன் பெண் கன்றுகளே பருவத்துக்கு வந்துவிட்டதால் இனி அந்தக் காளையை மந்தையில் வைக்கவும் கூடாது. தகப்பனும் மகளும் சேர்ந்தால் கன்றுகள் நோஞ்சானாகிவிடும் அல்லவா?

இந்தத் தடவை காளை வாங்கப் பணம் நங்கையின் சீட்டுப் பணமும், ஆறு ஆடு விற்ற பணமும். அதனால் தானும் வருவேன் என்று நங்கை புறப்பட்டது.

சந்தையில் நுழைந்ததுமே அண்ணன் ஒரு காளை முன்னால் நின்றுவிட்டார். நாலு பல் போட்ட மயிலை. கொம்பில் எண்ணெய் மின்னுகிறது. விலை 1,20,000 ரூபாய் சொன்னார்கள். தரகர் சுழிகளை ஒவ்வொன்றாகக் காட்டினார். "பாருங்க, கோபுர சுழி! லட்சுமி சுழி! விலங்கு சுழி, பாடை சுழி ஒண்ணும் கிடையாதுங்க." மனைவியை இழக்கச் செய்யும் என்று 'பெண்டிழந்தான் சுழி' என்றுகூட ஒன்று உண்டாம். அதுவும் இல்லை என்று அவர் சொன்னதும் நங்கை சிரிப்பை அடக்கிக்கொண்டது. "அப்ப எனக்கு ஆயுசு கெட்டிதானுங்க" என்று மெல்ல என்னிடம் சொன்னது.

பிறகு தரகரைப் பார்த்து ஒரே கேள்வி. "ஏனுங்ணா, இதுன்ற தாய் எங்கீங்க இருக்குது?"

தரகர் ஒரு நிமிஷம் விழித்தார். "தாயெல்லாம் எதுக்குங்க? காளையைப் பாருங்க, தேராட்ட நிக்குது."

"நிக்கறது சரிங்க. மேட்டுல முன்னங்காலை வெச்சு நிறுத்தியிருக்கறீங்க. கொஞ்சம் சமதரையில நடத்திக் காட்டுங்க."

அப்போதுதான் எனக்கே தெரிந்தது, முன்னங்கால் மேட்டில் இருந்தால் எந்த மாடும் நிமிர்ந்து கம்பீரமாகத் தெரியும் என்று. சமதரையில் நடத்தியதும் பின்னங்கால் முட்டிகள் ஒன்றோடொன்று உரசின. அண்ணன் ஒன்றும் பேசாமல் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நகர்ந்தார். அந்தக் காளையை மனசில்லாமல்தான் விட்டார் என்பது அவர் திரும்பித் திரும்பிப் பார்த்ததிலேயே தெரிந்தது.

பத்துப் பதினைந்து காளைகள் பார்த்திருப்போம். கடைசியில் வேப்பமரத்தடியில் ஒரு பெரியவர் ஓர் இளங்காளையோடு உட்கார்ந்திருந்தார். இரண்டு பல் போட்டது, அதாவது இரண்டு, இரண்டரை வயது. திமில் இன்னும் முழுதாக ஏறவில்லை. கொம்பும் சுமார்தான். நங்கை அதை நடக்க விட்டுப் பார்த்தது. முன்குளம்பு பதிந்த தடத்திலேயே பின்குளம்பு விழுந்தது. குளம்பு கறுத்து, பிளவு அகலாமல் கெட்டியாக இருந்தது. அடிவயிற்றுத் தோல் தொங்கவில்லை. விதைகள் இரண்டும் இறங்கி, ஒரே அளவாக இருந்தன. இதைச் சொல்ல வெட்கப்பட என்ன இருக்கிறது? பொலிகாளைக்கு முக்கியமாகப் பார்க்க வேண்டியதே அதுதான். ஒன்று சிறுத்தோ இறங்காமலோ இருந்தால், எத்தனை அழகிருந்தாலும் விட்டுவிட வேண்டும். நான் முதுகில் கை வைத்தேன். சிலிர்த்தது. ஆனால் முட்ட வரவில்லை. குழந்தைகள் நடமாடும் வீட்டுக்கு இந்தக் குணமும் வேண்டுமே!

"தாய் வீட்டுல கட்டுத்தரையிலயே இருக்குதுங்க. வந்து பாருங்க. பார்க்காம வாங்க வேண்டாம்" என்றார் பெரியவர். அந்த வார்த்தையிலேயே நங்கையின் முகம் மலர்ந்தது.

சாயங்காலம் வேன் பிடித்து அவர் ஊருக்குப் போனோம். கொறங்காட்டிலிருந்து மாடுகள் திரும்பும் நேரம். தாய்ப்பசு ஆறு ஈற்று ஈன்றது. பெரியவரின் வீட்டம்மா செம்பை எடுத்துக்கொண்டு வந்து, "நீங்களே கறந்து பாருங்க அம்மிணி" என்று நங்கையிடம் நீட்டினார். புது ஆள் என்று மாடு ஒரு தடவை திரும்பிப் பார்த்தது. பிறகு அசை போட ஆரம்பித்துவிட்டது. நாலு காம்பும் ஒரே சீர். கன்றுக்கு விட்டது போக ஒன்றரை லிட்டர் கறந்தது. காங்கயம் மாடு கலப்பின மாடு போலக் குடம் குடமாகக் கறக்காது. கன்றுக்கு வயிறு நிறைந்து வீட்டுக்கும் கிடைத்தால் அதுவே நல்ல மாடு. பக்கத்தில் அதன் மூத்த மகளும் கன்றோடு நின்றது. அதற்கும் மடி நன்றாக அமைந்திருந்தது.

"காளை பால் கறக்காதுங்க அம்மிணி. ஆனா அதுன்ற மக கறக்கோணும். அந்தப் பால் இவ கிட்டிருந்துதான் போகுது" என்றது நங்கை. பத்தாம் வகுப்பு வரை படித்த நான், நாலாம் வகுப்போடு நின்ற நங்கையிடம் அன்று பாடம் படித்தேன்.

அண்ணனும் பெரியவரும் துண்டுக்குள் கைவிட்டு விரல் பிடித்து விலை பேசினார்கள். 68,000 ரூபாய்க்கு முடிந்தது. ஆனால் நங்கை முன்பணம் 10,000 மட்டுமே கொடுக்கச் சொன்னது. கால்நடை மருத்துவர் வந்து, விதையை டேப் வைத்து அளந்து, இரத்தம் எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். கருச்சிதைவு நோய் இருக்கிற காளையைக் கொண்டுவந்தால் மந்தைக்கே ஆபத்து. அந்த நோய் பச்சைப் பால் வழியாகவும், வீசிய கன்றையும் நஞ்சுக்கொடியையும் வெறுங்கையால் தொடுவதாலும் நமக்கும் வரும். ஆகவே மாடு வைத்திருக்கும் சகோதரிகளே, பாலை நன்றாகப் பொங்கக் காய்ச்சியே குழந்தைகளுக்குக் கொடுங்கள். பிள்ளைத்தாய்ச்சிகள் மாட்டுப் பிரசவத்தில் கை வைக்க வேண்டாம். குறை மாதத்தில் கன்று வீசினால் உடனே டாக்டரைக் கூப்பிடுங்கள்.

சோதனை முடிவு நல்லபடியாக வந்தது. மீதிப் பணம் கொடுத்து, நாங்கள் கொண்டுபோன புதுக் கயிற்றை மாட்டினோம். பழைய கயிற்றைப் பெரியவர் வீட்டிலேயே வைத்துக்கொண்டார். மாட்டைக் கொடுத்தாலும் கயிற்றைக் கொடுப்பதில்லை என்பது வழக்கம். நங்கை தாய்ப்பசுவின் நெற்றியில் மஞ்சள் குங்குமம் வைத்தது. வண்டி புறப்பட்டபோது பசு ஒரு குரல் கத்தியது. பெரியவரின் வீட்டம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

வீட்டில் முதல் சில வாரங்கள் காளையைத் தனியாகக் கட்டி வைத்தார்கள். பார்க்க வந்தவர்களில் சிலர், "கொம்பு சுமாரா இருக்குதே" என்றார்கள். அண்ணன் பதில் சொல்லவில்லை. நங்கைதான் சொன்னது: "இதுன்ற மக ஈன்று, அந்தக் கன்னு வயிறு முட்டக் குடிக்கறப்ப வந்து பாருங்க. நாலு, அஞ்சு வருஷம் ஆகும்."

ஆமாம், அத்தனை வருஷம் காத்திருந்தால்தான் இந்தத் தடவை சரியாகத் தேர்ந்தெடுத்தோமா என்று தெரியும். அதுவரை நங்கைக்கு நிம்மதி கிடையாது. ஆனாலும் கட்டுத்தரையில் அந்தப் பாட்டிலைக் கழுவிக் கவிழ்த்து மேலே பரணில் ஏற்றி வைத்துவிட்டதைப் பார்த்தேன். இனி அது கீழே இறங்கக் கூடாது என்று மாரியம்மனை வேண்டிக்கொண்டு ஊருக்குத் திரும்பினேன்.