நிழலில் எஞ்சிய நிறம்

2018ஆம் ஆண்டு கோடையில், ஜெர்மனி நாட்டின் ஸ்டுட்கார்ட் நகருக்கு அருகேயுள்ள ஒரு சிற்றூரில் ஆறு வாரங்கள் தங்கும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. அவ்வூர்ப் பங்குத்தந்தை விடுப்பில் சென்றிருந்தமையால், அவருக்குப் பதிலாகப் பணியாற்றச் சென்றிருந்தோம். நாம் தங்கிய இல்லத்துக்கு எதிரே ஒரு கொட்டகை. காலை, நண்பகல், மாலை என மூன்று வேளையும் ஒரு முதியவர் அதிலிருந்து வெளிப்படுவார். கையகலத் தகடு ஒன்றை வெயிலில் பிடித்து, சாய்த்தும் நிமிர்த்தியும் பார்ப்பார். பிறகு தலையை அசைத்துவிட்டு உள்ளே போய்விடுவார். நான்காம் நாள் ஆவலை அடக்க இயலாமல் சாலையைக் கடந்தோம்.

"வாருங்கள், ஹெர் ஃபாரர்" என்றார். குருக்களை அந்நாட்டார் மரியாதையுடன் விளிக்கும் முறை அது.

உள்ளே மெர்சிடிஸ் பென்ஸ் 190 எஸ்.எல். கார் ஒன்று நின்றது. 1955 முதல் 1963 வரை உருவாக்கப்பட்ட, இருவர் அமரும் அழகிய வண்டி. ஊரிலுள்ள ஓர் அம்மையாரின் தந்தை 1958இல் வாங்கியதாம். பின்னாளில் யாரோ அதற்குப் பளபளக்கும் வெள்ளி வண்ணம் பூசிவிட்டனர். பேனட்டின் அடியிலிருந்த தகடோ 'டி.பி. 180' என்றது, தொழிற்சாலை அதற்கு இட்ட பெயர் வெள்ளிச் சாம்பல். அந்நிறத்தை மீட்டுத் தருமாறு அம்மையார் கேட்டிருந்தார்.

"எண் தெரிந்தபின் கடையில் வாங்கிப் பூசலாமே?" என்று பேதைமையோடு வினவினோம். முதியவர் சிரித்தார். அன்று தொடங்கியது நம் பாடம்.

உலோக மினுக்குடைய வண்ணங்கள் 1920களின் பிற்பகுதியில் கார்களுக்கு வந்தன. தொடக்கத்தில் அம்மினுக்கைத் தந்தவை மீன் செதில்கள்! செதிலின் பளபளப்பைப் பிரித்தெடுத்து வண்ணத்தில் கலந்தனர். செல்வர் மட்டுமே வாங்கத்தக்க விலை அது. பின்னர் அலுமினியத் துகள்கள் அவ்விடத்தைப் பெற்றன. ஒவ்வொரு துகளும் மிக மெல்லிய தட்டையான செதில். பூச்சினுள் அது நீரில் மிதக்கும் சருகுபோல் படுத்துக் கிடக்கும். எதிரே நின்று நோக்கினால் ஒளிரும். சாய்வாக நோக்கினால் இருளும். ஆகவே உலோக வண்ணத்துக்கு ஒரே நிறம் என்பது கிடையாது. பார்ப்பவர் நிற்கும் இடத்துக்கேற்ப அது மாறும்.

அக்காலத் துகள்களின் விளிம்புகள் கிழிந்த தாள்போல் ஒழுங்கற்றவை. அவை ஒளியைச் சிதறடித்தன. பிற்காலத்தில் வந்த துகள்களோ காசுபோல் வட்டமானவை, கூடுதலாக ஒளிர்பவை. இன்றைய வெள்ளி நிறம் பழைய வண்டியில் பொருந்தாமல் கண்ணை உறுத்துவது அதனால்தான். மேலும், அன்று நிறமும் பளபளப்பும் ஒரே பூச்சில் இருந்தன. நிறத்தின்மேல் கண்ணாடிபோல் தனிப் பூச்சு இடும் முறை பரவலானது 1980களில்தான்.

துகள் கிடைத்தாலும் போதாது. தெளிக்கும் கையும் வேண்டும். வண்ணம் ஈரமாக விழுந்தால் துகள்கள் அமிழ்ந்து படிய அவகாசம் கிட்டும், நிறம் கருக்கும். உலர்வாக விழுந்தால் அவை கிடந்தபடியே உறைந்துவிடும், நிறம் வெளுக்கும். ஒரே டப்பா, ஒரே ஸ்ப்ரே கன், இருவேறு நிறம்! ஐந்து கோணங்களில் நிறத்தை அளக்கும் கருவியும் அவரிடம் இருந்தது. "இது எண்ணைச் சொல்லும், எப்படித் தெளித்தார்கள் என்று சொல்லாதே" என்பார். குழல் விளக்கில் ஒன்றேபோல் தோன்றிய இரு தகடுகள் வெயிலில் வேறுவேறாய் நின்றதை நாமே கண்டோம்.

மூல நிறத்தை எங்கே தேடுவது? வெயில் படாத இடத்தில். டிக்கியின் விரிப்பைத் தூக்கினார். கண்ணாடியைச் சுற்றிய ரப்பரை நீக்கினார். முகப்பு விளக்கைக் கழற்றினார். வெளிப்புறத்தில் ஓரிடத்தை மென்மையான உப்புத்தாளால் வட்டமாகத் தேய்க்க, மர வளையங்கள்போல் அடுக்குகள் தோன்றின: மேலே பளபளத்த வெள்ளி, அதன்கீழ் பட்டி, அடியில் மெல்லியதொரு சாம்பல். விளக்கின் பின்னே கட்டைவிரல் அகலத்தில் அந்தச் சாம்பல் மாசின்றி எஞ்சியிருந்தது. அதனோடு ஒப்பிட்டே பதினாறு தகடுகளைத் தள்ளினார், பதினேழாவது பொருந்தியது.

அம்மையார் வந்தார். தகட்டைக் கையில் வாங்கியதும் அவர் முகம் வாடியது. "இது அப்பாவின் கார் அல்ல. அது நிலவுபோல் மின்னும். இது மழைக்கால வானம்" என்றார்.

முதியவர் வாதாடவில்லை. விளக்குக் குழியருகே அவரை அழைத்துச் சென்று, எஞ்சிய மூல நிறத்தின் பக்கத்தில் தகட்டைப் பிடித்துக் காட்டினார். பிறகு மெல்லச் சொன்னார்: "நீங்கள் விரும்பும் ஒளியையும் என்னால் தர முடியும். ஆனால் இதுதான் மூல நிறமென்று எழுதிக் கையொப்பமிட மாட்டேன்." ஒரு மாத உழைப்பின் கூலி அந்த ஒரு சொல்லில் தொங்கியது. அம்மையார் ஒரு வாரம் தவணை கேட்டார். அவருடைய முடிவு தெரியுமுன்னரே நாம் ஊர் திரும்ப நேர்ந்தது.

வாசகரே, விமானத்தில் நமக்கு உறக்கம் வரவில்லை. காரைவிட நம் தந்தையாரின் மிதிவண்டியே நினைவில் நின்றது. அவர் மறைந்த மறு ஆண்டு, பாசத்தின் மிகுதியால் அதனைப் பட்டறையில் கொடுத்துச் சுரண்டச் செய்து, பளபளக்கும் கறுப்பு வண்ணம் பூசி வீட்டுக்குக் கொணர்ந்தோம். எண்ணெய் வழிந்த கறுப்பு மிதிவண்டியாகவே அது நம் நெஞ்சில் பதிந்திருந்தது. அன்னையார் வாசற்படியில் நின்று பார்த்தார். "நல்லாருக்கு சாமி" என்றார். குருப்பட்டம் பெற்ற நாள்முதல் அவர் நம்மை அப்படித்தான் அழைப்பார். அதன்பின் அந்த வண்டியை அவர் தொட்டுத் துடைத்ததை நாம் காணவில்லை. அதன் காரணத்தை நாம் கேட்கவும் இல்லை. கேட்பதற்கு அவர் இன்று இல்லை.

ஊர் திரும்பியதும் தமையனார் வீட்டுக் கொல்லையில் கிடந்த அந்த வண்டியைத் தலைகீழாகக் கவிழ்த்தோம். சீட்டுக் குழாயைத் தளர்த்தி உருவினோம். பட்டறைக்காரரின் சுரண்டி எட்டாத இடத்தில், குழாயின் இறுக்குப் பட்டைக்கு அடியில், நகக்கண் அளவில் பழைய வண்ணம் எஞ்சியிருந்தது. அது கறுப்பு அன்று, கரும்பச்சை.

நாற்பது ஆண்டு நாம் சுமந்த நினைவைக் காட்டிலும் அந்த நகக்கண் அளவு உறுதியாக இருந்தது. அன்னையார் மட்டும் அதனை அறிந்திருக்க வேண்டும்.

அவ்வாண்டு கிறிஸ்துமஸ் காலத்தில் ஜெர்மனியிலிருந்து ஒரு வாழ்த்து மடல் வந்தது. உள்ளே காரின் புகைப்படம். மங்கிய மாலையில், மழை நீர் தேங்கிய தெருவில் எடுத்தது. சாம்பலோ வெள்ளியோ, புகைப்படத்தில் நம்மால் தேர முடியவில்லை. பின்புறம் முதியவரின் கையெழுத்தில் ஒரே வரி: விளக்கின் பின்னே கட்டைவிரல் அகலத்தை வண்ணம் பூசாமல் அப்படியே விட்டிருக்கிறேன், அம்மையார் கேட்டுக்கொண்டபடி.

மிதிவண்டிக்கு நாமும் மறுபடி வண்ணம் பூசவில்லை. சீட்டுக் குழாயை மட்டும் சற்று உயர்த்தி வைத்திருக்கிறோம், அந்தப் பச்சை தெரியும்படியாக.