மிருதங்கத்தின் நடுவே ஒரு பிடி சோறு

எங்கள் பக்கத்தில் ஓர் இளைஞன் இறந்துபோனால் பொழுது விடிவதற்குள் பேனர் கட்டிவிடுகிறார்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் பஸ் நிற்கும் இடத்தில், வருகிறவர் போகிறவர் கண்ணில் படும்படி நிற்கும். ‘கண்ணீர் அஞ்சலி’ என்று பெரிய எழுத்து, தோற்றம், மறைவு, நடுவில் முகம். அந்த முகத்துக்குக் கீழே அவன் ஒருநாளும் போட்டிராத கோட்டையும் டையையும் கம்ப்யூட்டரில் ஒட்டியிருப்பார்கள். நண்பர்கள் அன்பினால் செய்வது அது, எனக்குப் புரிகிறது. ஆனாலும் என் பக்கத்து வீட்டுப் பையனுக்கு அப்படி ஒன்று கட்டியபோது என்னால் அதன் எதிரே நிற்க முடியவில்லை. அவனை நான் கோட்டில் பார்த்ததில்லை. லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, கையில் புளிக் கரைசலோடு, கண்ணாடியில் நீராவி படிந்து, “டீச்சர், ஒரு நிமிஷம் இருங்க, உப்பு மட்டும் பாத்துடறேன்” என்று சொல்கிறவனாகத்தான் பார்த்திருக்கிறேன்.

அவன் பெயரை எழுதப்போவதில்லை. அவனுடைய அம்மாவுக்கு அச்சில் அந்தப் பெயரைப் பார்க்கும் தெம்பு இன்னும் வரவில்லை. அப்பா ஃபைபர் படகில் கடலுக்குப் போகிறவர். பையன் இயற்பியல் படித்தான், அதன் பிறகு சாலை விபத்தில் போய்விட்டான். அந்த ஒரு நாளைப் பற்றி இதற்கு மேல் எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. அதற்கு முந்தைய நாட்களைப் பற்றித்தான் நிறைய இருக்கிறது.

நெம்மேலி என்றால் வெளியூர்க்காரர்களுக்குக் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைதான் நினைவுக்கு வரும். 2013இல் திறந்த முதல் ஆலை நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர், 2024 பிப்ரவரியில் திறந்த இரண்டாவது 15 கோடி லிட்டர் என்று சென்னைக்குத் தண்ணீர் கொடுக்கின்றன. அந்த மதிலுக்குள் என்ன நடக்கிறது என்று தெருப் பெண்களுக்கு விளக்கியவன் இவன்தான். குழாயடியில் குடத்தோடு நின்றவர்களிடம் ஊறுகாயில் ஆரம்பித்தான். “எலுமிச்சம்பழத்துல உப்பைக் கொட்டி வைக்கிறீங்க. மறுநாள் பாத்தா ஜாடியில தண்ணி நிக்குதில்ல? தண்ணி தானாவே உப்பு அதிகமா இருக்கற பக்கம் போவும். அது இயற்கை. இங்க அதைத் திருப்பறாங்க. உப்புத்தண்ணிய பயங்கர அழுத்தத்துல ஒரு மெல்லிசான சவ்வு மேல தள்ளினா தண்ணி மட்டும் இந்தப் பக்கம் வரும், உப்பு அங்கேயே நின்னுடும்.” ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறக்குறைய 35 கிராம் உப்பு இருக்கிறது என்பதையும் சொன்னான். தராசில் உப்பை நிறுத்து உள்ளங்கையில் கொட்டிக் காட்டினான். எதிர்ச் சவ்வூடு பரவல் என்ற பெயரைக் கடைசியில்தான் சொன்னான். முப்பது வருஷத்துக்கு மேல் கணக்கு வாத்தியாராக இருந்தவள் நான். பெயரை முதலில் சொல்லிவிட்டுப் பொருளைப் பிறகு தேடுவதுதான் எங்கள் வகுப்பறைகளின் வழக்கம். அவன் பொருளைக் கையில் கொடுத்துவிட்டுப் பெயரைச் சொன்னான்.

சமையலை அவனுடைய ஆயாவிடம் கற்றுக்கொண்டான். ஆம்பளைப் பிள்ளைக்கு அடுப்படியில் என்ன வேலை என்று கேட்காத சொந்தக்காரர் இல்லை. அவன் பதில் பேசமாட்டான், அடுத்த வேளைக்கு அவர்களையே சாப்பிடக் கூப்பிடுவான். கரைக்கு வந்த மீன் நேரமாக ஆக ஏன் வாடை அடிக்கிறது, புளியோ எலுமிச்சையோ சேர்ந்ததும் அது ஏன் அடங்குகிறது என்று அவனுக்குத் தெரிந்தாக வேண்டும். தேடிப் படித்தான். மீன் செத்த பிறகு அதன் தசையில் ட்ரைமெத்திலமைன் என்றொரு பொருள் உண்டாகிறது, அது காரத்தன்மை கொண்டது, புளிப்பில் இருக்கும் அமிலம் அதைப் பிடித்து ஆவியாகாத உப்பாக மாற்றிவிடுகிறது. இதை ஆயாவிடம் போய்ச் சொன்னான். அந்த அம்மா, “அதான் நாங்க புளி ஊத்தறோம்” என்றார். அவனுக்கு அதில் அவ்வளவு சந்தோஷம். ஆயா சொன்னதும் ஆய்வுக்கூடம் சொன்னதும் ஒத்துப்போனால் அன்றைக்கெல்லாம் அதையே பேசிக்கொண்டிருப்பான். சங்கராவுக்கு எவ்வளவு புளி, நெத்திலிக்கு எவ்வளவு, எந்தச் சட்டி, எவ்வளவு நேரம் என்று எல்லாவற்றையும் ஒரு நோட்டில் குறித்து வைத்தான்.

இசைக்கு வருகிறேன். அவனை முழுதாக நான் கண்டுகொண்டது அங்கேதான். சாவுக்கும் திருவிழாவுக்கும் பறை அடிக்கிறவர்கள் தோலைத் தீயில் காட்டி விறைப்பேற்றுவதைச் சிறு வயதில் பார்த்து நின்றவன். கல்லூரி நாட்களில் திருக்கழுக்குன்றத்தில் ஒரு வித்துவானிடம் மிருதங்கம் கற்கப் போனான். வாசிப்பில் பெரிய ஆளாக வந்திருப்பானா என்று எனக்குச் சொல்லத் தெரியாது. ஆனால் வாத்தியம் செய்கிறவர்களின் பட்டறையில் அவன் கழித்த நேரம் அதிகம். ஒருநாள் மிருதங்கத்தைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுத் திண்ணைக்கு வந்தான். வலந்தலையின் நடுவில் இருக்கும் கறுப்பு வட்டத்தைக் காட்டி, “இது என்னன்னு சொல்லுங்க” என்றான். எனக்குத் தெரியவில்லை. “சோறு, டீச்சர்” என்றான்.

சோறேதான். குழைய வடித்த சோற்றை, இரும்புச் சத்துள்ள ஒரு கல்லின் பொடியோடு சேர்த்து அரைத்து, துளித்துளியாக வைத்து, கல்லால் தேய்த்துத் தேய்த்து, அடுக்கடுக்காக ஏற்றுகிறார்கள். கரணை என்கிறார்கள், சிலர் சோறு என்றேதான் சொல்கிறார்கள். இடந்தலையில் கச்சேரிக்கு முன்னால் ரவையைப் பிசைந்து அப்புகிறார்கள், முடிந்ததும் எடுத்துவிடுகிறார்கள். வெறும் தோலை இழுத்துக் கட்டித் தட்டினால் அடிப்படைச் சுரத்தோடு கூடவே எழும் மேற்சுரங்கள் முழு எண் விகிதத்தில் அமைவதில்லை, அதனால்தான் சாதாரணக் கொட்டில் சுருதி தெளிவாக நிற்பதில்லை. நடுவில் கனம் ஏற்றியதும் அந்த மேற்சுரங்கள் ஒன்று, இரண்டு, மூன்று என்ற வரிசைக்கு வந்து சேர்கின்றன, வீணைத் தந்தியில் வருவது மாதிரி. இதை சி. வி. ராமன் கல்கத்தாவில் இருந்தபோது, சிவகாளி குமார் என்பவரோடு சேர்ந்து 1920இல் ‘நேச்சர்’ இதழில் எழுதினார். ராமன் என்றால் ஒளிச்சிதறலும் நோபல் பரிசும் என்று பாடம் நடத்தியிருக்கிறேன். அவர் மிருதங்கத்தின் முன் உட்கார்ந்தவர் என்பதை என்னிடம் சொன்னது இந்தப் பையன். “பாருங்க டீச்சர், ஃபிசிக்ஸ், பாட்டு, சமையல் மூணும் இந்த ஒரு ரூவா அகலத்துல இருக்கு” என்றான். மூன்று ஆசைகளை வைத்துக்கொண்டு அல்லாடுகிறான், ஒன்றைப் பிடித்துக்கொண்டால் முன்னுக்கு வருவான் என்று ஊரே அவனைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தது. அவனுக்கு அவை மூன்றல்ல.

துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் ஒன்றையேதான் சொன்னார்கள். இருந்திருந்தால் விஞ்ஞானி ஆகியிருப்பான், வெளிநாடு போயிருப்பான், வீடு கட்டியிருப்பான். ஆறுதலாகச் சொல்வதுதான். ஆனால் அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அந்தச் சொற்கள் ஒவ்வொன்றும் மேலும் ஒரு பிள்ளையைப் பறித்துக்கொண்டு போவதாகத் தோன்றியது. இருந்த பிள்ளையைப் பறிகொடுத்தவளிடம் இல்லாத விஞ்ஞானியையும் ஏன் பறிகொடுக்கச் சொல்கிறோம்? அவன் வாழ்ந்தது எதற்கோ போட்ட அச்சாரம் அல்ல. உப்பை நிறுத்துக் காட்டிய அந்தச் சாயங்காலம் அன்றைக்கே முழுமையானது.

ராமானுஜனையும் நாம் இப்படித்தான் பேசுகிறோம். 32 வயதில், 1920 ஏப்ரல் 26ஆம் தேதி, சேத்துப்பட்டில் இறந்தார். இன்னும் முப்பது வருஷம் இருந்திருந்தால் என்று தொடங்காத மேடைப் பேச்சை நான் கேட்டதில்லை, வகுப்பில் நானும் அப்படித்தான் பேசியிருக்கிறேன். எனக்குப் பிடித்த ராமானுஜன் கேம்பிரிட்ஜ் அறையில் தானே சமைத்துச் சாப்பிட்ட ராமானுஜன். சென்னையிலிருந்து சாமான் பார்சலில் போகும். 1914 கடைசியில் நண்பர் மகலனோபிஸ் ஒரு பத்திரிகைப் புதிரை எடுத்துக்கொண்டு அவர் அறைக்குப் போகிறார். ஒரு தெருவில் வரிசையாக எண்ணிட்ட வீடுகள், ஒரு வீட்டுக்கு இந்தப் பக்கம் உள்ள எண்களின் கூட்டுத்தொகையும் அந்தப் பக்கத்துக் கூட்டுத்தொகையும் சமம், ஐம்பதுக்கு மேல் ஐந்நூறுக்குள் வீடுகள். விடை, 288 வீடுகளில் 204ஆவது. காய்கறியைக் கிளறிக்கொண்டே ராமானுஜன், எழுதிக்கொள்ளுங்கள் என்று ஒரு தொடர் பின்னத்தைச் சொன்னார். இந்த ஒரு தெருவுக்கு மட்டுமல்ல, அப்படிப்பட்ட எல்லாத் தெருக்களுக்குமான விடை அதில் இருந்தது. கரண்டியைக் கீழே வைத்ததாக யாரும் எழுதவில்லை. இன்னொரு தடவை விருந்துக்கு வந்த பெண்கள் மூன்றாம் முறை ரசம் வேண்டாம் என்றதும் மனம் நொந்து, சொல்லாமல் வெளியேறிவிட்டார். சில நாள் கழித்து ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து தந்தி வந்தது. சமைத்தவனின் மனம் அது. தான் வைத்த ரசத்தை இவ்வளவு பொருட்படுத்திய ஒருவரை, கணக்கைத் தவிர உலகம் அறியாதவர் என்று நாம் படம் வரைந்து மாட்டியிருக்கிறோம்.

அவர் போன பிறகு என்ன ஆயிற்று என்பது வீட்டுப் பெரியவர்கள் யோசிக்க வேண்டிய விஷயம். கடைசி வருஷம் படுக்கையில் இருந்தபடி எழுதிய தாள்கள் சென்னைப் பல்கலைக்கழகத்துக்குப் போய், அங்கிருந்து கேம்பிரிட்ஜில் அவரோடு வேலை செய்த ஹார்டியிடம் போய், கைமாறிக் கைமாறி டிரினிட்டி கல்லூரி நூலகத்தில் கிடந்தன. 1976இல் கணித அறிஞர் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் அவற்றை இன்னதென்று அடையாளம் கண்டார். நூற்றுக்கும் மேற்பட்ட பக்கங்கள். மனைவி ஜானகி அம்மாள் அப்போது திருவல்லிக்கேணியில் இருந்தார். தையல் வேலை செய்து பிழைத்து, 1994 வரை வாழ்ந்தார். கணவருக்குச் சிலை வைப்பதாகச் சொன்னார்களே, எங்கே என்று அவர் கேட்டது செய்தித்தாளில் வந்தது. அதைப் படித்த வெளிநாட்டுக் கணித அறிஞர்கள் தங்களுக்குள் பணம் திரட்டி, பால் கிரான்லண்ட் என்ற சிற்பியிடம் வெண்கல மார்பளவுச் சிலை செய்வித்து ஒன்றை அந்த அம்மாளுக்கே கொடுத்தார்கள். கேட்டதால் கிடைத்தது. எந்த மூத்தவளும் இப்படிக் கேட்கலாம், வெட்கப்பட வேண்டியதில்லை.

பஞ்சரத்தினம் என்ற பெயரையும் எனக்கு முதலில் சொன்னவன் இந்தப் பையன்தான். ராமனின் சகோதரி மகன். 1956இல், தன் 22ஆவது வயதில், பெங்களூரில் ராமனின் கூடத்தில் இருந்தபடி ஒளியைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். ஒளி அதிரும் விதத்தைப் படிப்படியாக மாற்றிக்கொண்டே போய்ப் புறப்பட்ட நிலைக்கே கொண்டுவந்தாலும், சுற்றி வந்த பாதையின் கணக்கு அதற்குள் தங்கியிருக்கிறது என்பது அதில் இருந்த செய்தி. 1969இல், 35 வயதில், ஆக்ஸ்ஃபோர்டில் இறந்தார். 1984இல் மைக்கேல் பெர்ரி என்ற ஆங்கிலேயர் இதே கருத்தைப் பரந்த அளவில் தனியாகக் கண்டறிந்து உலகப் புகழ் பெற்றார். அப்போது பஞ்சரத்தினத்தின் அண்ணன் ராமசேஷன், ராஜாராம் நித்தியானந்தாவோடு சேர்ந்து, 1986இல் ‘கரண்ட் சயின்ஸ்’ இதழில் தம்பியின் பழைய கட்டுரையை எடுத்துக் காட்டினார். பெர்ரி அதை முழு மனதோடு ஏற்று, பஞ்சரத்தினத்தைப் பாராட்டியே எழுதினார். தம்பி இறந்து பதினேழு வருஷம் ஆகியிருந்தது. அந்த அண்ணன் சண்டை போடவில்லை, புலம்பவில்லை. தம்பி எழுதியதை ஒழுங்காகப் படித்து நினைவில் வைத்திருந்தார், தக்க நேரத்தில் தக்க இடத்தில் எடுத்து வைத்தார். ஒரு மூத்தவர் இளையவருக்குச் செய்யக்கூடிய காரியங்களில் இதைவிடப் பெரியது எதுவும் எனக்குத் தெரியவில்லை.

அதனால்தான் கருமாதி முடிந்து கூட்டம் கலைந்த பிறகு அந்த வீட்டுக்குப் போய், நோட்டைக் கொடுங்கள் என்று கேட்டேன். பீரோவில் அவனுடைய துணிகளோடு வைத்துப் பூட்டியிருந்தார்கள். அம்மா உடனே தரவில்லை. “அதையும் எடுத்துக்கினு போயிட்டா என்கிட்ட என்ன இருக்கும் டீச்சரம்மா?” என்றார். நான் வற்புறுத்தவில்லை. சில வாரம் கழித்து அவரே கொண்டுவந்தார். முன்பக்கத்திலிருந்து குழம்பும் ரசமும், பின்பக்கத்திலிருந்து மிருதங்கம். நடுவில் ஓர் அட்டவணை. கடற்கரை ஈரக்காற்றில் தோல் தளர்ந்து சுருதி இறங்குகிறது அல்லவா, அது எவ்வளவு என்று அளந்திருக்கிறான். காலை, மாலை, காற்றின் ஈரப்பதம், போனில் அளந்த சுருதி. பாதிக்கு மேல் கட்டங்கள் காலி.

இங்கே ப்ளஸ் டூ படிக்கும் இரண்டு பெண்பிள்ளைகள் இப்போது அந்தக் கட்டங்களை நிரப்பி வருகிறார்கள். மிருதங்கம் அவன் வீட்டிலேயே இருக்கிறது, அளக்க அங்கேதான் போக வேண்டும். ஆரம்பத்தில் அம்மா உள்ளே போய்விடுவார். பிறகு அவரே அவனுடைய குறிப்பைப் படித்துக் காட்டச் சொல்லி, அதன்படி குழம்பு வைத்து அந்தப் பிள்ளைகளுக்குப் போட ஆரம்பித்தார். நெத்திலிக்கு அவன் எழுதியிருக்கும் புளி கொஞ்சம் அதிகம் என்கிறார், திருத்தி எழுதச் சொன்னார். திருத்தியிருக்கிறோம். ஐப்பசி, கார்த்திகை மழை நாட்களின் அளவுகள் மட்டும்தான் பாக்கி. முடிந்ததும் கட்டுரையாக எழுதி அவன் படித்த கல்லூரியின் இயற்பியல் துறைக்கு அனுப்பப்போகிறோம். எழுதியவர்கள் பெயரில் அவன் பெயர் முதலில் வரும். அதற்கு மட்டும் அம்மா சம்மதம் சொல்லிவிட்டார்.